சூரை எந்த ஆழத்தில் நிற்கும்?
வாசகர் கேள்வி – பதில்

சூரை மீன்பிடி பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மஞ்சள் துடுப்புச் சூரையைக் குமரிக் கரையில் கேரை என்பார்கள். பதில்களிலும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கே: மீன் இருக்கும் என்று வரைபடம் காட்டிய இடத்துக்கு டீசலைச் செலவழித்துப் போகிறோம். தண்ணீர் நல்ல பச்சையாக இருக்கிறது. ஆனால் கேரை ஏறுவதில்லை. வரைபடம் தப்பா, எங்கள் தூண்டில் தப்பா?
– விசைப்படகு உரிமையாளர், தூத்தூர்

ப: பச்சையின் நடுவில் தூண்டில் போட்டதுதான் தப்பாக இருக்கும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பு முக்கியமாக இரண்டு அளவுகளை வைத்துத் தயாராகிறது. ஒன்று கடல் மேற்பரப்பின் வெப்பநிலை, இன்னொன்று நீரில் உள்ள பச்சையத்தின் அளவு. இரண்டையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறது. சில கிலோமீட்டருக்குள் வெப்பம் சட்டென்று மாறி, பச்சையமும் கூடும் இடத்தில் கோடு போடுகிறார்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களுக்கு அந்தக் கோடு பெரும்பாலும் அப்படியே பொருந்தும். கேரைக்கு அப்படிப் பொருந்தாது.

கேரை கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். பாசி மண்டிய கலங்கல் நீரில் அதற்கு இரை தெரியாது. இரை விளைவது பச்சை நீரில், கேரை காத்து நிற்பது அதை ஒட்டிய தெளிந்த நீல நீரில். அதனால் கோட்டை அடைந்ததும் அங்கேயே தூண்டில் இறக்காதீர்கள். கோட்டைக் குறுக்காகக் கடந்து, வெப்பமானியையும் தண்ணீர் நிறத்தையும் பார்த்துக்கொண்டே நீலப் பக்கம் சில மைல் போங்கள். விளிம்பு எங்கே என்று நிச்சயமில்லாவிட்டால் முதல் நாள் தூண்டில் வரிசையைக் குறுக்காகவே விடுங்கள். பாதி பச்சையிலும் பாதி நீலத்திலும் கிடக்கும். எத்தனையாவது மிதவையில் மீன் ஏறியது என்று எழுதி வைத்தால், மறுநாள் எந்தப் பக்கம் போடுவது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

அடுத்தது, படத்தின் வயது. அரை நாட் (மணிக்கு அரைக் கடல் மைல்) வேக நீவாடு, அதாவது நீரோட்டம், ஒரு நாளில் தண்ணீரை 12 கடல் மைல் நகர்த்திவிடும். இரண்டு நாள் பழைய படத்தில் உள்ள விளிம்பு இன்று 24 மைல் தள்ளி இருக்கலாம். அறிவிப்பு வந்த தேதியைப் பார்த்து, நீவாடு போகும் திசையில் அந்தக் கோட்டைத் தள்ளி வைத்துத் தேடுங்கள். பாசி பெருகி, அதைத் தின்னும் நுண்ணுயிர் பெருகி, சிறுமீனும் கணவாயும் கூடி, பிறகு கேரை வர நாட்களாகும், சில சமயம் வாரங்களாகும். நேற்றுப் பிறந்த பச்சையைவிட இரண்டு மூன்று அறிவிப்புகளில் தொடர்ந்து தெரியும் பச்சையின் ஓரம் நம்பத்தக்கது. ஆகவே பழைய அறிவிப்புகளை அழிக்க வேண்டாம்.

மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்கு நிறமும் தெரியாது, வெப்பமும் சரிவரத் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடலின் மேற்பரப்பு பெரும்பகுதி ஏறக்குறைய ஒரே சூட்டில், 30 டிகிரியை ஒட்டிக் கிடக்கும். வேறுபாடே இல்லாத இடத்தில் கோடு விழாது. அப்போது கைகொடுப்பது கடல்மட்ட உயரப் படம். நம் பக்கக் கடலில் இடஞ்சுழியாகச் சுழலும் நீர்ச்சுழல்களின் நடுவே கடல்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும், அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். வலஞ்சுழியில் நடு உயர்ந்திருக்கும், சூடான அடுக்கு கீழே தள்ளப்படும். இரை விளைவது இடஞ்சுழியின் நடுவில், தேட வேண்டியது அதன் ஓரத்தில்.

மீன்வள அறிவிப்பைப் பார்க்கும் அதே வேளையில் அலை, காற்று முன்னறிவிப்பையும் பாருங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கைபேசி எட்டாத தொலைவில் எத்தனை படகுகள் இருந்தன என்பதைத் தூத்தூருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் வந்த ஜெமினி கருவி கைபேசிக் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற்றுத் தரும். அது இல்லாமல் ஆழ்கடல் போகக் கூடாது.

கே: எல்லாம் சூரை இனம்தானே? கேரை ஒரு ஆழத்திலும் பெருங்கண் சூரை வேறு ஆழத்திலும் பிடிபடுவது ஏன்?
– மீன்வளக் கல்லூரி மாணவி, தூத்துக்குடி

ப: மேற்பரப்பில் காற்றும் அலையும் கலக்கிவிட்ட சூடான நீர் ஓர் அடுக்காகக் கிடக்கும். அதற்குக் கீழே சில பத்து மீட்டருக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும். இந்த இடைப்பகுதிதான் தெர்மோக்ளைன். நம் கடல்களில் வெப்பம் மட்டுமல்ல, உயிர்க்காற்றும் (ஆக்சிஜன்) அங்கேதான் சரிகிறது. சூரைக்கு அதுவே வீட்டின் தரை மாதிரி. ஒவ்வோர் இனமும் அந்தத் தரைக்குக் கீழே எவ்வளவு நேரம் இறங்கி நிற்க முடியும் என்பதில்தான் வேறுபாடு.

சூரை நீந்திக்கொண்டே வாயைத் திறந்து செவுளுக்குள் நீரைத் தள்ளி மூச்சு விடுகிறது. நின்றால் செத்துவிடும். ஓயாத நீச்சலில் தசை சூடாகும், அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கும் இரத்தக்குழாய் வலைப்பின்னலும் உடலுக்குள் இருக்கிறது. ஆனால் இதயத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செவுளிலிருந்து நேரே வரும் குளிர்ந்த இரத்தம்தான் அதற்கு. குளிர்நீரில் இதயத் துடிப்பு தளர்கிறது. கேரை மேற்பரப்பைவிடச் சுமார் 8 டிகிரி குறைவான நீர்வரை தாராளமாக இறங்கும். அதற்குக் கீழே போனாலும் நெடுநேரம் தங்காது, திரும்பி வந்துவிடும். மேற்பரப்பு 29 டிகிரி என்றால் 21 டிகிரி இருக்கும் ஆழம்தான் அதன் வழக்கமான எல்லை. பெருங்கண் சூரையின் இதயம் குளிரைத் தாங்கும், இரத்தம் குறைந்த உயிர்க்காற்றையும் பிடித்துக்கொள்ளும். அதனால் பகலில் 300 முதல் 500 மீட்டரில் இரை தேடி, உடல் குளிர்ந்ததும் மேலே வந்து சூடேற்றிக்கொண்டு மறுபடி இறங்கும். வரிச் சூரைக்குக் காற்றுப்பையே கிடையாது. வேகமாக நீந்தியே மிதக்க வேண்டும், ஆகவே மூச்சுத் தேவையும் அதிகம். லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் உயிர்க்காற்று இருந்தால்தான் அதற்குச் சௌகரியம். கேரைக்கு 3.5 அளவு போதும், பெருங்கண் சூரை ஏறத்தாழ 1.5 வரை சமாளிக்கும்.

அரபிக் கடலில் இது இன்னும் முக்கியம். ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே 1,000 மீட்டர்வரை உயிர்க்காற்று மிகக் குறைந்த பெரிய அடுக்கு அங்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளம், மேற்குக் குமரி ஓரமாக அடிநீர் மேலேறும்போது இந்த மூச்சில்லாத நீரும் கூடவே கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கரைமேடைவரை ஏறி வரும். அப்போது சூரை வாழத்தக்க அடுக்கு மெலிந்துபோகும். மேற்குக் கரைத் தடை ஜூலை 31இல் முடிந்து ஆகஸ்டில் புறப்படும் படகுகள் கரைமேடையைத் தாண்டித்தான் கேரையைத் தேட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கே: பாக் நீரிணையில் இழுவலை ஓட்டியவர்கள் நாங்கள். ஆழ்கடல் திட்டத்தில் சூரைப் படகு வாங்கியிருக்கிறோம். ஆயிரங்கால் தூண்டிலை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது?
– மீனவர் குழு, ராமேஸ்வரம்

ப: 2017இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு முதல் போட்ட படகு, தூண்டில் கிடக்கும் ஆழம் தெரியாமல் கடலுக்குப் போவது வருத்தமான விஷயம். இழுவலைக்குத் தரை இருக்கிறது, பாக் நீரிணையில் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அதைத் தொட்டுவிடலாம். சூரைக்கு நீங்கள் தேட வேண்டிய தரை தண்ணீரின் நடுவே இருக்கிறது.

ஆயிரங்கால் தூண்டில் என்பது மிதவைகளிலிருந்து தொங்கும் நீண்ட முதன்மைக் கயிறும், அதில் வரிசையாகக் கட்டிய கிளைக்கயிறுகளின் நுனியில் உள்ள தூண்டில்களும்தான். அதற்கு ஒரு கணக்கு சொல்கிறோம். இரண்டு மிதவைக்கு நடுவே 6 தூண்டில், தூண்டிலுக்குத் தூண்டில் 45 மீட்டர் (25 பாகம்), மிதவைக் கயிறு 20 மீட்டர், கிளைக்கயிறு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதவைக்கு மிதவை முதன்மைக் கயிறு 7 x 45 = 315 மீட்டர். இந்த 315 மீட்டர் கயிற்றை விடும் நேரத்தில் படகு 220 மீட்டர் மட்டும் நகர்ந்தால் கயிறு நன்றாகத் தொய்யும். நடுத்தூண்டில்கள் ஏறக்குறைய 140 மீட்டரிலும் மிதவையோரத் தூண்டில்கள் 80 மீட்டரிலும் நிற்கும். அதே கயிற்றை விடும்போது படகு 283 மீட்டர் ஓடிவிட்டால் தொய்வு போய்விடும். நடுத்தூண்டில் 100 மீட்டரில்தான் நிற்கும், ஓரத்தூண்டில் 67 மீட்டருக்கு வந்துவிடும். கயிறும் முள்ளும் மாறவில்லை, படகு ஓடிய வேகம் மட்டுமே மாறியது. ஆழம் 40 மீட்டர் வேறு.

6 நாட் வேகத்தில் படகு 220 மீட்டர் கடக்க 71 வினாடி ஆகும். அதற்குள் 315 மீட்டர் கயிறு வெளியேற வேண்டும், அதாவது 10 வினாடிக்கு ஒரு தூண்டில். கயிற்றைத் தள்ளும் எந்திரம் இல்லாமல் கையால் இது நடக்காது, படகே கயிற்றை விறைப்பாக இழுத்துக்கொண்டு போகும். எந்திரம் இல்லாதவர்கள் 4 நாட் வேகத்துக்கு இறங்குங்கள், 107 வினாடி கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் மிதவைக் கயிற்றை 20இலிருந்து 40 மீட்டராக நீட்டுங்கள். எல்லாத் தூண்டிலும் ஒரே அளவு இறங்கிவிடும். புதியவர்களுக்கு இதுதான் எளிய வழி.

மேலே சொன்ன ஆழங்கள் அசையாத கடலுக்கான கணக்கு. மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் வேறு பக்கமும் ஓடினால் கயிறு பட்டம் போலத் தூக்கப்படும். கணக்கில் 140 என்றிருப்பது கடலில் 100 ஆகிவிடும், நீவாடு பலமாக இருந்தால் இன்னும் மேலே வரும். கிளைக்கயிறுகள் முதன்மைக் கயிற்றில் சுற்றிக்கொண்டு வருவதும் மிதவைகள் கொத்தாகச் சேர்ந்து கிடப்பதும் அதன் அடையாளம். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, விரலளவு ஆழ-வெப்பப் பதிவுக்கருவி ஒன்றை நடுத்தூண்டிலுக்குப் பக்கத்தில் கட்டி விடுங்கள். கயிற்றை ஏற்றியதும் தூண்டில் எந்த ஆழத்தில், எத்தனை டிகிரியில் கிடந்தது என்று காட்டும். படகுக்குச் செய்யும் செலவுகளில் இதைவிட வேகமாகத் திரும்பி வரும் பணம் வேறில்லை என்பது எங்கள் கருத்து.

கேரைக்குக் குறி, தெர்மோக்ளைனின் மேல்விளிம்பும் அதற்குச் சற்று மேலும். எந்த ஆழம் என்று தெரியாத முதல் பயணத்தில் ஓரத்தூண்டிலுக்கும் நடுத்தூண்டிலுக்கும் நல்ல வேறுபாடு வருமாறு தொய்வாக விட்டு, மீன் ஏறிய தூண்டிலின் வரிசை எண்ணைக் குறியுங்கள். 1, 6 எண்களில் மட்டும் ஏறினால் உங்கள் கயிறு அதிக ஆழம் போகிறது. 3, 4 எண்களில் ஏறினால் இன்னும் இறக்கிப் பார்க்கலாம். விடியுமுன் போட்டு முடித்து, 4 முதல் 6 மணி நேரம் ஊற விட்டு ஏற்றுங்கள். அதிகம் ஊறினால் சுறா கடித்த தலைதான் மிஞ்சும்.

கே: எல் நினோ வந்தால் இந்தியப் பெருங்கடல் சூரையும் இடம் மாறுமா?
– புவியியல் ஆசிரியர், சென்னை

ப: மாறும். ஆனால் நம் கடலில் நேரடியாகப் பார்க்க வேண்டியது இந்தியப் பெருங்கடல் இருமுனை நிலை. 1999இல் பெயர் பெற்ற நிகழ்வு இது. நேர்மறைக் கட்டத்தில் சுமத்ரா பக்கம் குளிர்நீர் மேலேறும், ஆப்பிரிக்கப் பக்கம் கடல் சூடாகும். மேற்கில் தெர்மோக்ளைன் ஆழத்துக்குப் போய்விடும், கிழக்கில் மேலே வரும்.

சீஷெல்ஸ் நாட்டின் விக்டோரியா துறைமுகத்தை மையமாகக் கொண்ட ஐரோப்பியச் சுருக்குவலைக் கப்பல்களுக்கு 1997-98 பெரிய பாடமாக அமைந்தது. சுருக்குவலை ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 200 மீட்டர் அளவு ஆழமும் உள்ளது. குளிர்ந்த, மூச்சில்லாத நீர் மேலாக இருந்தால் கூட்டம் கீழே தப்பப் பார்க்காது, அடி சுருங்கும்வரை வலைக்குள்ளேயே நிற்கும். தெர்மோக்ளைன் ஆழத்துக்குப் போனால் கூட்டம் வலைக்கு அடியில் நழுவிவிடும். அந்த நேர்மறைக் கட்டத்தில் மேற்கில் அதுதான் நடந்தது, இரையும் குறைந்தது. 1998 தொடக்கத்தில் கப்பல்கள் வழக்கமான இடத்தை விட்டுக் கிழக்கு இந்தியப் பெருங்கடலுக்குப் பெயர்ந்தன.

பசிபிக்கில் இதைவிடத் தெளிவான சான்று உண்டு. மேற்குப் பசிபிக்கின் சூடான நீர்த்தேக்கத்தின் கிழக்கு ஓரத்தை 29 டிகிரிக் கோடு காட்டுகிறது. எல் நினோவில் அந்த ஓரம் கிழக்கே நகர, வரிச் சூரையும் கூடவே போகிறது. ஆறே மாதத்தில் 4,000 கிலோமீட்டர்வரை பிடிப்பிடம் நகர்ந்ததை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. மீன்பிடி உரிமக் கட்டணத்தை நம்பி அரசு நடத்தும் தீவு நாடுகளுக்கு இது வரவுசெலவுப் பிரச்சினை.

பிடிபடும் அளவை வைத்து மீன்வளத்தை அளப்பதில் கவனம் வேண்டும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 2004இல் இந்தியப் பெருங்கடலில் கேரைப் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. மேற்கில் இரை ஒரே இடத்தில் குவிய, மீனும் குவிய, வலைக்கு எளிதாக அகப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மீன் பெருகிவிட்டது என்று அதை வாசித்திருந்தால் தவறாகியிருக்கும். பின்னால் வந்த சரிவு முழுவதும் கடலால் வந்ததும் அல்ல. சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் பல தூண்டில் கப்பல்கள் அந்தப் பகுதியையே விட்டு விலகியிருந்தன.

கே: கச்சான் காலத்தில் எங்கட கிழக்குக் கடல் சில இடங்களில் குளிர்ந்து கிடக்குது. பலநாள் கலத்தில் போறவர்களுக்கு அதால் நன்மையா, நட்டமா?
– கடற்றொழிலாளர், திருகோணமலை

ப: இரண்டும் உண்டு. ஜூன் முதல் செப்டெம்பர் வரையான கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் பருவக்காற்று நீரோட்டம் வங்கக் கடலுக்குள் திரும்புகிறது. அதற்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் இடையே இடஞ்சுழியான பெரிய நீர்ச்சுழல் ஒன்று உருவாகும். இலங்கைக் குவிமாடம் என்று கடலியலாளர் சொல்வது இதைத்தான். அதன் நடுவில் குளிர்நீர் குவிந்து மேலே வரும், பச்சையமும் கூடும்.

குவிமாடத்தின் நடுவில் சூடான அடுக்கு மெலிந்திருக்கும். மார்ச்சில் போட்ட அதே ஆழத்தில் தூண்டிலை இறக்கினால் அது குளிர்நீருக்குள் வெறுமனே கிடக்கும். மிதவைக் கயிற்றைக் குறுக்கி மேலாக நிறுத்துங்கள். இரை பெருகும் நடுவை விட்டு, தெளிந்த நீர் தொடங்கும் ஓரத்தில் தேடுங்கள். அந்த ஓரத்தில்தான் நீவாடும் பலமாக இருக்கும், கயிறு மேலே தூக்கப்படும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வழிவலை (நீரோட்டத்தோடு மிதக்க விடும் செவுள் வலை) போடுகிறவர்களுக்கு மெலிந்த அடுக்கு வாய்ப்புத்தான், மீன் வலை உயரத்துக்குள்ளேயே நிற்கும். ஆனால் ஒரு மீட்டர் நீளம் எட்டாத கேரை பெரும்பாலும் இன்னும் முட்டையிடாத மீன். அது வலையில் மிகுந்து வரும் இடத்தில் தொடர்ந்து வலை விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கே: பெரிய கேரை, பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கிறது. வெட்டினால் உள்ளே சதை வெளிறி, வேகவைத்தது போல இருக்கிறது. ஏற்றுமதிக்காரர்கள் கழித்துவிடுகிறார்கள். ஐஸ் குறைவா?
– மீன் வியாபாரி, காசிமேடு

ப: ஐஸ் போடுவதற்கு முன்பே நடந்துவிட்ட கேடு அது. 29, 30 டிகிரி நீரில் தூண்டிலோடு போராடும் கேரையின் உட்சதை 35 டிகிரி அளவுக்குச் சூடாகும், தசையில் அமிலம் சேரும். சூடும் அமிலமும் ஒன்றுசேர்ந்து சதையின் புரதத்தைச் சிதைக்கின்றன. வெந்தது போன்ற நிறம் அதனால் வருகிறது. கோடை மாதங்களிலும், ஆழமில்லாமல் சூடான நீரிலேயே கிடந்த தூண்டிலிலும் இது அதிகம்.

படகில் செய்ய வேண்டியது இது. கொக்கியைத் தலையில் மட்டும் மாட்டி ஏற்றுங்கள், உடலில் குத்தாதீர்கள். மெத்தையில் கிடத்தி, இரு கண்களுக்கு நடுவே சற்று மேலே உள்ள மென்மையான இடத்தில் கூர்முனை இறக்கி மூளையைச் செயலிழக்கச் செய்யுங்கள். துடிப்பு நின்றால் சூடு ஏறுவதும் நிற்கும். உடனே இரு பக்க மார்புத்துடுப்புக்கும் பின்னால் இரண்டு மூன்று விரல் தள்ளி, 2 செ.மீ. ஆழம் வெட்டி இரத்தத்தை வடியுங்கள். செவுளையும் குடலையும் எடுத்துக் கடல்நீரில் கழுவி, இரண்டு பங்கு ஐஸும் ஒரு பங்கு கடல்நீரும் கலந்த கூழில் இறக்குங்கள். வெறும் ஐஸ்கட்டிமேல் வைத்தால் தொடும் இடம் மட்டும்தான் குளிரும். கூழை அவ்வப்போது கிளறாவிட்டால் மீனைச் சுற்றிச் சூடான நீர் தேங்கிவிடும்.

35 டிகிரியில் உள்ள 100 கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே சுமார் 36 கிலோ ஐஸ் உருகும். மூடி திறப்பது, அறைச்சுவர் வழியே சூடு புகுவது, பயண நாட்கள் எல்லாம் சேர்த்தால் கோடையில் கிலோவுக்குக் கிலோ ஐஸ் வேண்டும்.

தாமதமாகக் குளிர்ந்த சூரையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கும் என்பது இதைவிடப் பெரிய ஆபத்து. சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. குடல் எடுக்காத பெரிய சூரையின் நடுச்சதை, செத்த 6 மணி நேரத்துக்குள் 10 டிகிரிக்கு இறங்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவுத்துறை வழிகாட்டி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒன்பது மாதிரிகளின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கு திரும்பும். வாங்கும்போது படகுக்காரரிடம் பிடித்த நேரமும் ஐஸில் இறக்கிய நேரமும் கேளுங்கள். வெப்பமானி ஊசியை நடுச்சதையில் குத்திப் பார்த்து விலை பேசுங்கள். வெளித்தோலின் குளிர்ச்சியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கே: பௌர்ணமியில் தூண்டில் போடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது சரியா?
– இளம் மீனவர், இனயம்

ப: எந்த மீனுக்கு என்பதைப் பொறுத்தது. இரவில் கணவாயும் சிறுமீனும் ஆழத்திலிருந்து மேலே ஏறிவரும். நிலவு வெளிச்சம் பலமாக இருந்தால் அவை முழுவதும் மேலே வராமல் சற்று ஆழத்திலேயே நின்றுவிடும், அவற்றைத் தின்ன வரும் பெருங்கண் சூரையும் அங்கேயே நிற்கும். அதனால் இரவுத் தூண்டிலை அமாவாசையில் மேலாகவும் பௌர்ணமியில் 20, 30 மீட்டர் ஆழமாகவும் போட்டுப் பாருங்கள். பகலில் பிடிக்கும் கேரைக்கு நிலவைவிட நீவாடும் தெர்மோக்ளைனும்தான் முக்கியம். அதற்காகப் பௌர்ணமியன்று படகைக் கட்டிப்போட வேண்டியதில்லை.